குடிக்கு மருந்து கொடுப்போர் சூதையும் வினவுக!

திருக்குறளின் 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. 94ஆம் அதிகாரம் சூது. 95ஆம் அதிகாரம் மருந்து. இவ்வரிசையை வகுத்தவர் வள்ளுவரேயாயினும் ஆகுக, பின்வந்த உரையாசிரியராயினும் ஆகுக. கள்ளையும் கவற்றையும் அடுத்தடுத்து வைத்து, அவற்றின் பின் மருந்தைப் பேசத் தொடங்கும் அந்த அமைப்பை யாம் எண்ணி எண்ணி வியந்ததுண்டு. மருந்ததிகாரம் சூதுக்கு மருந்து கூறவில்லை; அது உணவின் அளவைப் பற்றியது என்பதை யாம் அறியாமலில்லை. எனினும் குடியையும் சூதையும் ஒரே வீட்டின் இரு அறைகளாகக் கண்ட தமிழ் மரபுக்கு வைத்திய நூலோர் வந்து சேர 1980ஆம் ஆண்டு வரை சென்றது. அவற்றை ஒரே கூரையின் கீழ் வைக்க 2013ஆம் ஆண்டு வரை சென்றது. அந்த அறிவு நூல்களிலிருந்து இறங்கி வைத்தியசாலையின் நோயாளர் பதிவேட்டுக்கு வந்து சேர இன்னும் எத்தனை ஆண்டுகள் செல்ல வேண்டும் என்பதே இன்று யாம் எழுப்பும் கேள்வி.

குடிநோய்க்கோ போதைமருந்துப் பழக்கத்துக்கோ சிகிச்சை வேண்டி ஒருவர் வருகின்றார். எதைக் குடித்தீர், எவ்வளவு குடித்தீர், எத்தனை ஆண்டுகளாகக் குடித்தீர், காலையிற் கை நடுங்குகின்றதா, வலிப்பு வந்ததுண்டா என்று வைத்தியர் வினவுகின்றார். இரத்தத்தை எடுத்து ஈரலின் நிலையைப் பார்க்கின்றனர். சிறுநீரைச் சோதித்துப் போதைமருந்தைத் தேடுகின்றனர். இவை யாவும் செய்ய வேண்டியனவே. ஆனால் அந்த மனிதர் காசு வைத்து ஆடுபவரா என்பதை எந்த இரத்தமும் சொல்லாது. எந்தச் சிறுநீரும் காட்டாது. குடித்தவன் வாய் மணக்கும், கால் தள்ளாடும். ஆடித் தோற்றவன் நேராக நடந்து வீட்டுக்கு வந்து, கைகால் கழுவிச் சோறுண்டு படுப்பான். அவனுடைய நோயை வாயாற் கேட்டாலன்றி அறிய வழியில்லை.

ஆகவே, போதைச் சிகிச்சைக்கு வரும் ஒவ்வொருவரிடமும், அவர் ஆணாயினும் பெண்ணாயினும், கமக்காரராயினும் உத்தியோகத்தராயினும், சூதைப் பற்றியும் வினவுதல் எங்கும் வழக்கமாக்கப்படல் வேண்டும் என்று யாம் வற்புறுத்துகின்றோம். ஐயம் எழுந்தால் மட்டும் கேட்பது போதாது. நாடி பார்ப்பது போல, நிறை பார்ப்பது போல, யாவரிடமும் கேட்டல் வேண்டும்.

இதற்கு இத்தனை அவசரம் என்ன என்று கேட்போர் ஒரு கமக்காரரை மனத்திற் கொண்டு பார்க்கட்டும். எவரையும் சுட்டி யாம் எழுதவில்லை. இத்தகையோர் எந்த ஊரிலும் உளர். வெங்காயமும் புகையிலையும் நட்டு, சந்தையில் நல்ல விலை வந்த ஆண்டில் வீட்டுக்கு ஓடு போட்டவர். குடிப்பவர் என்று ஊரறியும். மனைவி அழுது, மைத்துனன் பேசி, ஈற்றில் வைத்தியசாலையிற் சேர்க்கப்படுகின்றார். சில வாரங்களிற் கை நடுக்கம் நிற்கின்றது, உறக்கம் வருகின்றது, முகம் தெளிகின்றது. வீட்டார் மகிழ்ந்து அழைத்து வருகின்றனர். மறுநாட் காலையிலேயே படலையில் ஒருவர் வந்து நிற்கின்றார். கைமாற்றாகக் கொடுத்த காசைக் கேட்கின்றார். அடுத்த கிழமை வேறொருவர். அதன் பின்னர்தான் மனைவியின் தாலிக்கொடி அடைவிலிருப்பதும், தோட்டக் காணியின் உறுதி இன்னொருவர் பெட்டகத்திலிருப்பதும் வெளிவருகின்றன. "இவ்வளவையுமா குடித்தாய்?" என்று தாய் கேட்கின்றாள். இல்லை. ஒருவர் எவ்வளவுதான் குடித்தாலும் ஒரு பருவத்து வெங்காயத்தையும் ஒரு தோட்டத்தையும் மூன்று மாதத்திற் குடித்து முடிக்க இயலாது. அது கடதாசிக் கூட்டத்திற் போனது. அல்லது கைத்தொலைபேசியிற் கிறிக்கெற் பந்தயத்திற் போனது. தோற்ற காசை மீட்பதற்காக ஆடியதும், ஆடித் தோற்ற துயரை மறப்பதற்காகக் குடித்ததும் ஒரே கயிற்றின் இரு புரிகள். வைத்தியசாலை ஒரு புரியை மட்டும் அறுத்து அனுப்பியது. கடன்காரர் படலையில் நிற்க, அவர் மறுபடியும் தவறணைக்குப் போனால், "சிகிச்சை கொடுத்தும் திருந்தாதவன்" என்று ஊர் அவரைத் தள்ளிவிடுகின்றது. அதைவிடக் கொடிய முடிவும் உண்டு.

அந்த முடிவை மூடி மறைத்து எழுதுவதில் எமக்கு உடன்பாடில்லை. அமெரிக்க மனநோய் வைத்தியர் சங்கம் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட நோய் வகுப்பு நூலின் ஐந்தாம் பதிப்பு, சூதாட்ட நோய்க்குச் சிகிச்சை பெறுவோருள் அரைப் பங்கினர் வரை தற்கொலை எண்ணம் கொள்வதாகவும், ஏறத்தாழ 17 வீதத்தினர் அதற்கு முயன்றுள்ளதாகவும் கூறுகின்றது. குடியும் தற்கொலையும் எத்துணை நெருங்கியவை என்பது வடக்கிலும் கிழக்கிலும் வாழும் எவர்க்கும் சொல்லித் தெரிய வேண்டியதன்று. அந்தக் குடியோடு வெளியே சொல்ல இயலாத கடனும் சேர்ந்திருக்கும் ஒருவரை, அந்தக் கடனைப் பற்றி ஒரு வார்த்தை கேளாமல் வீட்டுக்கு அனுப்புவது அவரை ஆபத்தோடு தனியே விடுவதாகும்.

இனி, இந்த அறிவு எவ்வாறு பிறந்தது என்பதை நோக்குவோம். சூதாடிகள் தமக்குள் உதவிக்கொள்ளும் சங்கம் 1957ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தோன்றியது. குடியை விட்டோர் சங்கத்தின் வழியைப் பின்பற்றித் தோன்றியதே அது. 1972ஆம் ஆண்டில் ஒஹாயோ மாநிலத்தின் பிரெக்ஸ்வில் என்னும் ஊரிலிருந்த முன்னாட் படைவீரர் வைத்தியசாலையில், ரொபேட் கஸ்டர் என்னும் மனநோய் வைத்தியர் சூதாடிகளைத் தங்கவைத்துச் சிகிச்சை செய்யத் தொடங்கினார். குடிநோயாளருக்குச் சிகிச்சை செய்துவந்த அவரிடம் அச்சங்கத்தார் போய் உதவி கேட்டதே அதற்குத் தொடக்கம். வைத்தியர் தேடிப் போய்க் கண்டதன்று இது. நோயாளர் வந்து கதவைத் தட்டியதால் உண்டானது. 1980ஆம் ஆண்டில் அமெரிக்க நோய் வகுப்பு நூலின் மூன்றாம் பதிப்பு சூதாட்டத்தை நோயென ஏற்றது. ஆயின் அதனைக் களவு செய்யும் வெறி, தீ வைக்கும் வெறி ஆகியவற்றோடு ஒரே வரிசையில் வைத்தது. குடியோடு வைக்கவில்லை.

அக்காலத்தில் நியூயோர்க் மாநிலத்தின் லோங் ஐலன்ட் பகுதியிலுள்ள சவுத் ஓக்ஸ் வைத்தியசாலையிற் பணியாற்றியவர் ஷீலா புளூம் என்னும் பெண் வைத்தியர். குடிநோய்ச் சிகிச்சையில் நெடுங்கால அனுபவமுடையவர். முன்னர் அம்மாநில அரசாங்கத்தின் குடிநோய்ப் பகுதிக்குத் தலைமை தாங்கியவர். அவரோடு சேர்ந்தவர் ஹென்றி லெசியூர் என்னும் சமூகவியல் அறிஞர். தோற்ற காசைத் துரத்தித் துரத்தி மேலும் ஆடும் சூதாடியின் வாழ்வை ஆராய்ந்து 1977ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதியவர் அவர். இவ்விருவரும் பிறரோடு சேர்ந்து, குடிக்கும் போதைமருந்துக்கும் சிகிச்சை பெறுவதற்காகத் தங்கியிருந்த 458 பேரை வினவினர். அவர்கள் எவரும் சூதுக்காக வந்தவரல்லர். ஆயினும் நூற்றுக்கு 9 பேர் சூதாட்ட நோயாளராயிருந்தனர். மேலும் நூற்றுக்கு 10 பேரிடம் அதன் அறிகுறிகள் காணப்பட்டன. ஐவர் படுத்திருக்கும் கட்டில் வரிசையில் ஒருவர் என்று சொல்லலாம். 1986ஆம் ஆண்டில் இது வெளிவந்தது. மறு ஆண்டே, 20 கேள்விகள் கொண்ட ஒரு வினாத்தாளை அவ்வைத்தியசாலையின் பெயராலேயே வெளியிட்டனர். யாரிடம் கடன் பட்டீர், தோற்றபோது வென்றதாகச் சொன்னதுண்டா, இழந்ததை மீட்க மறுநாள் மறுபடி போனதுண்டா என்பன போன்ற கேள்விகள் அதிலுள்ளன. ஐந்து புள்ளிகளோ அதற்கு மேலோ பெற்றவர் நோயாளராயிருத்தல் கூடும் என்பது அவர்தம் கணக்கு.

இங்கே எமது வாசகர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். உலகெங்கும் சூதாட்ட நோயைக் கண்டறிய இன்றுவரை மிகுதியாகக் கையாளப்பட்டுவந்த வினாத்தாள், சூதாட்ட மண்டபத்தின் வாசலிற் பிறக்கவில்லை. குடிநோயாளர் விடுதியிற் பிறந்தது. குடிநோயாளரிடம் சூதைப் பற்றிக் கேட்பது எங்கிருந்தோ கொண்டுவந்து ஒட்டவைக்கப்படும் புதுமையன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அதன் பின்னர் பல நாடுகளிற் செய்யப்பட்ட ஆராய்ச்சிகளை ஒருங்கு வைத்து 2014ஆம் ஆண்டிற் கணித்தோர், போதைச் சிகிச்சை பெறுவோருள் ஏறத்தாழ நூற்றுக்கு 14 பேர் சூதாட்ட நோயாளர் என்றும், நோயெனும் அளவை எட்டாத தொல்லைகளையும் சேர்த்தால் ஏறத்தாழ 23 பேர் என்றும் கண்டனர். 2013ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பு சூதாட்ட நோயைத் தீ வைக்கும் வெறியோடு இருந்த பழைய இடத்திலிருந்து பெயர்த்து, குடி, அபின் ஆகியவற்றுக்குரிய அத்தியாயத்திற் கொண்டுவந்து வைத்தது. 2022ஆம் ஆண்டு சனவரி முதல் நடைமுறையிலுள்ள உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராம் நோய் வகுப்பும் அவ்வாறே செய்துள்ளது. இலங்கை அந்நிறுவனத்தின் உறுப்பு நாடு என்பதை நினைவூட்டத் தேவையில்லை.

இருபது கேள்விகளா, நெரிசல் மிக்க எமது வைத்தியசாலைகளில் அதற்கு நேரமேது என்று ஒரு வைத்திய அன்பர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஒரு காலையிற் பலரைப் பார்க்க வேண்டியவரிடம் இருபது கேள்விகளைக் கொண்டுபோய் நீட்டுவது அறமாகாது. ஆனால் அந்தத் தடை எப்போதோ நீங்கிவிட்டது. 1997ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு சோதனையில் இரண்டே கேள்விகள்: மேலும் மேலும் கூடிய காசு வைத்து ஆட வேண்டுமென்று எப்போதேனும் தோன்றியதுண்டா? எவ்வளவு ஆடினீர் என்பதைப் பற்றி உமக்கு வேண்டியவரிடம் பொய் சொல்ல நேர்ந்ததுண்டா? 2010ஆம் ஆண்டில் வெளிவந்த இன்னொன்றில் மூன்று கேள்விகள்; கடந்த பன்னிரண்டு மாதங்களைப் பற்றியவை: ஆட்டத்தை நிறுத்தவோ குறைக்கவோ முயன்றபோது அமைதியின்மையும் எரிச்சலும் ஏற்பட்டனவா? எவ்வளவு ஆடுகிறீர் என்பதை வீட்டாரும் நண்பரும் அறியாவண்ணம் மறைத்தீரா? ஆடியதனால் வந்த பணமுடைக்கு, அன்றாடச் செலவுக்கே பிறர் உதவியை நாட நேர்ந்ததா? மூன்றில் ஒன்றுக்கு ஆம் என்றால், மேலும் விசாரிக்க வேண்டும் என்பது அதன் விதி. இரண்டு நிமிடத்து வேலை. இதனை வைத்தியரே செய்ய வேண்டுமென்பதும் இல்லை. பயிற்சி பெற்ற தாதியோ உளவளத்துணையாளரோ செய்யலாம்.

இன்னொரு கூட்டத்தார், அவ்வளவு எளிதாயின் ஊரில் உள்ள யாவரையும் கேட்டுவிடலாமே, குடிநோயாளரை மட்டும் ஏன் பிடித்துக் கேட்க வேண்டும், குடிகாரன் என்ற பெயரோடு சூதாடி என்ற பெயரையும் ஏன் சூட்ட வேண்டும் என்பர். இதற்கு விடை கணக்கிலிருக்கின்றது. ஓர் உதாரணத்துக்காக மட்டும் சில இலக்கங்களை வைத்துக்கொள்வோம். ஒரு சோதனை, நோயுள்ள பத்துப் பேரில் ஒன்பது பேரைச் சரியாகப் பிடிக்கின்றது. நோயில்லாத நூறு பேரில் ஐவரைத் தவறாகப் பிடிக்கின்றது என்க. ஆயிரம் பேர் கொண்ட ஓர் ஊரில் பத்துப் பேருக்கு மட்டும் இந்நோய் உண்டாயின், சோதனை சரியாகப் பிடிப்பது ஒன்பது பேரை. தவறாகப் பிடிப்பது ஏறத்தாழ ஐம்பது பேரை. சுட்டப்பட்ட ஆறு பேரில் ஐவர் குற்றமற்றவர். அந்த ஊரில் அச்சோதனையைச் செய்தவர் அடுத்த நாள் அங்கே தலைகாட்ட இயலாது! அதே சோதனையைப் போதைச் சிகிச்சைக்கு வந்த ஆயிரம் பேரிடம் செய்தால், அவர்களுள் 140 பேர் நோயாளராயின், சரியாகப் பிடிக்கப்படுவோர் 126 பேர். தவறாகப் பிடிக்கப்படுவோர் 43 பேர். சுட்டப்பட்ட நால்வரில் மூவர் உண்மையாகவே உதவி வேண்டி நிற்பவர். சோதனை ஒன்றே, கேட்கும் இடம் வேறு. சவுத் ஓக்ஸ் வினாத்தாள் பொதுமக்களிடம் எடுத்துச் செல்லப்பட்டபோது அளவுக்கு மிஞ்சிப் பலரைச் சுட்டியது என்ற குற்றச்சாட்டும் இக்காரணம் பற்றியே எழுந்தது. எங்கே நோய் செறிந்திருக்கின்றதோ அங்கே கேட்டலே முறை.

அப்படிச் சுட்டப்பட்டோரும் உடனே நோயாளர் என முத்திரை குத்தப்படலாகாது. இக்கேள்விகள் வலை மட்டுமே. வலையில் வந்ததை எடுத்துப் பார்த்து, மீனா பாசியா என்று தீர்மானிப்பது வைத்தியரின் வேலை. ஐந்தாம் பதிப்பு ஒன்பது குறிகளை வகுத்து, பன்னிரண்டு மாத காலத்துள் அவற்றுள் நான்கேனும் இருந்தாலன்றி நோயெனல் ஆகாது என்று கூறுகின்றது. மேலும், வந்த முதல் நாளில் நடுங்கும் கையோடும் குழம்பிய மனத்தோடும் இருப்பவர் சொல்லும் "இல்லை"யை இறுதி விடையாகக் கொள்ளுதல் தகாது. குடியை ஒளிக்க வழியற்றவர், எஞ்சிய ஒன்றையாவது ஒளித்துத் தம் மானத்தைக் காக்க முயல்வார். உடல் தேறிய பின் ஒருமுறை, வீடு செல்லுமுன் ஒருமுறை, திரும்பி வரும்போதெல்லாம் ஒருமுறை கேட்டல் வேண்டும். குடியை விட்டபின் கையில் மிஞ்சும் காசும் கடக்க மாட்டாத மாலைப் பொழுதும் சேர்ந்து, முன்னர் ஆடாதவரையும் ஆட்டத்துக்கு இழுத்துச் செல்வதுண்டு.

எமக்கு மிகவும் கவலை தருவது மொழி. ஆங்கில வினாத்தாளை அகராதியை வைத்துத் தமிழாக்கி, "நீர் சூதாட்டத்தில் ஈடுபடுகின்றீரா?" என்று கேட்டால், யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ வவுனியாவிலோ மலையகத் தோட்டத்திலோ "ஆம்" என்பவர் ஒருவருமிரார். சூது என்ற சொல்லைக் கேட்டவுடன் எமது மக்களின் மனக்கண் முன் வருவன சகுனியின் பகடையும் திரௌபதியின் சேலையுமாம். பேருந்து நிலையத்தில் நாள்தோறும் நாலு லொத்தர்ச் சீட்டு வாங்குபவர் தாம் சூதாடுவதாக எண்ணுவதில்லை. அது அரசாங்கம் விற்பதாயிற்றே! கோயிற் பின்வீதியில் முந்நூற்றுநாலு விளையாடுபவர் அதனைப் பொழுதுபோக்கென்பார். கைத்தொலைபேசியில் ஆடும் இளைஞர் அதனைக் "கேம்" என்பார். சேவற்கட்டுக்குப் போகின்றவர் அது பரம்பரை வீரம் என்பார். ஆகவே ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேட்டல் வேண்டும்: லொத்தர் வாங்குவதுண்டா, கடதாசிக்குக் காசு வைப்பதுண்டா, குதிரைக்குப் பந்தயம் கட்டுவதுண்டா, கிறிக்கெற்றுக்குக் கட்டுவதுண்டா, தொலைபேசியிற் காசு போட்டு விளையாடுவதுண்டா என்று. இதன் பின்னரே பொய்யையும் கடனையும் பற்றிக் கேட்டல் வேண்டும். தமிழிற் செய்த வினாத்தாள் தமிழ் நோயாளரிடமே சோதித்துப் பார்க்கப்படவும் வேண்டும். கொழும்பில் இரு மொழிகளில் ஆக்கி, மூன்றாவதாகத் தமிழை அவசரமாக ஒட்டி அனுப்பும் படிவங்கள் எத்தகையன என்பதை அரசாங்கக் காரியாலயத்தில் ஒருமுறையேனும் வரிசையில் நின்ற எவரும் அறிவர்.

மனநோய் வைத்தியர்க்கு இன்னொன்றும் கூறற்பாலது. பாரிசவாதம் அன்று, கைநடுக்கத்தோடு வரும் பாக்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் பிரமிபெக்சோல் முதலிய சில மருந்துகள், ஒருநாளும் ஆடாதவரைச் சூதில் இறக்கிவிடுவதுண்டு என்பது நன்கு அறியப்பட்டது. சித்தக் கோளாறுகளுக்குக் கொடுக்கும் அரிப்பிப்பிரசோல் பற்றியும் 2016ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இவ்வகை எச்சரிக்கையை விடுத்தது. குடியோடு மனநோயும் உள்ளவர்க்கு இம்மருந்தைக் கொடுப்பவர் சூதைப் பற்றி வினவாதிருத்தல் எவ்வாறு பொருந்தும்? சூது முழுவதும் ஒழுக்கக்கேடே, நோயென்பது சாக்குப்போக்கு என்று வாதிடும் பெரியோரும் இந்த உண்மையைச் சற்று எண்ணிப் பார்க்கட்டும்.

கண்டறிந்தபின் செய்வது என்ன? கொடுக்க மருந்தில்லாத நோயைக் கண்டுபிடித்து ஆவதென்ன? எதிர்வாதங்களுள் வலுவுடையது இதுவே என்பதை ஒப்புக்கொள்கின்றோம். சூதாட்ட நோய்க்கென்றே அமெரிக்க நிர்வாகம் அனுமதித்த மாத்திரை எதுவும் இல்லை. ஆனால் பேசித் தீர்க்கும் சிகிச்சை உண்டு. எந்த நேரத்தில், எந்த எண்ணம் தோன்றி, எந்த வழியால் ஆட்டத்துக்குப் போகின்றோம் என்பதை நோயாளரே கண்டு, அந்த வழியை அடைக்கப் பழகும் முறை அது. ஓர் இலக்கத்தால் பரிசு தப்பியது, இனி வராமற் போகாது என்ற எண்ணம் எவ்வளவு பொய் என்பதை அவருக்குக் காட்டும் முறை. குடிநோயாளர்க்கு இன்று கொடுக்கப்படும் உளவளத்துணையும் பெரும்பாலும் இதே முறையினதே. குடிக்கு இம்முறையைக் கையாளத் தெரிந்தவர், சிறு பயிற்சியோடு சூதுக்கும் அதனைக் கையாளலாம். புதிய கட்டடம் வேண்டாம். குடிநோயாளர்க்கு வேண்டாத, சூதாடிக்கு மட்டும் வேண்டிய உதவி ஒன்றுண்டு: கடனைக் கணக்கெடுத்து, வட்டியை நிறுத்திப் பேசி, தவணை வகுத்துக் கொடுக்கும் ஒருவர். எமது சமூகத்தில் இளைப்பாறிய வங்கி முகாமையாளரும் கணக்காளரும் எத்தனையோ பேர் உளர். கிழமையில் ஒரு பிற்பகலை வைத்தியசாலைக்குக் கொடுக்க அவர்களால் இயலாதா?

இவ்விடயத்தில் இரகசியம் காக்கப்படல் வேண்டும் என்பதைத் தனியே எடுத்துக் கூறுகின்றோம். நோயாளர் வைத்தியரிடம் கூறிய விடை பொலிசாரிடமோ, வேலைகொள்வோரிடமோ, கடன் கொடுத்தவரிடமோ ஒருபோதும் போகலாகாது. போகும் என்ற வதந்தி ஒருமுறை கிளம்பினாற் போதும். அதன் பிறகு எந்த நோயாளரும் வாய் திறவார். மனைவியிடம் சொல்வதா என்பதையும் நோயாளரோடு பேசியே தீர்மானிக்க வேண்டும். ஆயினும் அவளுடைய நகையும் காணியும் போய்க்கொண்டிருக்கையில் அவளை இருட்டில் வைத்திருப்பதற்கு வைத்தியர் துணைபோவதும் முறையன்று. இந்தச் சிக்கலுக்கு எளிய விடை எம்மிடமில்லை.

இனி அரசாங்கத்திடம் வருவோம். இந்நாட்டில் லொத்தர் விற்பவர் யார்? 1963ஆம் ஆண்டின் சட்டத்தினால் தேசிய லொத்தர் சபை நிறுவப்பட்டது. 1997ஆம் ஆண்டின் சட்டத்தினால் அபிவிருத்தி லொத்தர் சபை நிறுவப்பட்டது. இரண்டும் அரசாங்கத்தினுடையவை. ஒன்றின் வருவாய் திறைசேரிக்கும் மற்றையதன் வருவாய் சனாதிபதி நிதியத்துக்கும் செல்கின்றது. கமக்காரர்க்கு நலம் என்று பொருள்படச் சிங்களத்திற் பெயர் சூட்டிய "கொவிசெத" என்னும் லொத்தரும் அவற்றுள் ஒன்று. கமக்காரர்க்கு நலம்! பசளை விலை குறைந்தால் நலம். வெங்காயம் அறுவடையாகும் மாதத்தில் இறக்குமதி நின்றால் நலம். கடன் இலகுவாகக் கிடைத்தால் நலம். சீட்டுக் கிழித்தலில் உள்ள நலத்தை யாம் இன்னும் கண்டிலோம். இதனோடு, 1988ஆம் ஆண்டின் சட்டப்படி பந்தய, சூதாட்ட நிலையங்களிடம் வரியும் அறவிடப்படுகின்றது. 2025ஆம் ஆண்டிற் பாராளுமன்றம் சூதாட்டத்தை ஒழுங்குபடுத்துவதற்கென ஓர் அதிகார சபையை அமைக்கும் சட்டத்தையும் நிறைவேற்றியுள்ளது. ஆட்டத்தை விற்றும், ஆடுவிப்போரிடம் வரி எடுத்தும், ஒழுங்குபடுத்தியும் வரும் அரசாங்கம், ஆடிக் கெட்டோர்க்குச் சிகிச்சை செய்வதில் மட்டும் கை குறுகி நிற்பதற்கு நியாயமில்லை.

பிரித்தானியாவில் 2025ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் முதல் சூதாட்டக் கம்பெனிகள் கட்டாய வரியொன்றைச் செலுத்துகின்றன. அதிற் பாதி சிகிச்சைக்கும், பத்தில் மூன்று பங்கு தடுப்புக்கும், எஞ்சியது ஆராய்ச்சிக்கும் என்று பங்கிடப்பட்டுள்ளது. அதே ஆண்டு சனவரியில் அந்நாட்டின் வைத்திய நெறிமுறைகளை வகுக்கும் நிறுவனம், புகையையும் குடியையும் பற்றி வினவும்போது சூதையும் வினவுக என்று வைத்தியர்க்கு அறிவுரை வழங்கியது. வெள்ளையர் செய்வதெல்லாம் எமக்கு வேதமன்று. அவர்கள் விட்டுச்சென்ற 1889ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டத்தை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் கட்டிக்காத்த இந்நாடு, அவர்களுடைய நல்ல வழக்கமொன்றையும் பார்த்துப் பழகலாம் என்று மட்டும் கூறுகின்றோம்.

ஆகவே சுகாதார அமைச்சிடமும், 1984ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையிடமும் யாம் கேட்பது இது: போதைச் சிகிச்சை நிலையம் ஒவ்வொன்றினதும் நோயாளர் பதிவுத்தாளில் சூதைப் பற்றிய மூன்று கேள்விகள் அச்சிடப்படட்டும், தமிழ் பேசும் நோயாளரிடம் தமிழிற் கேட்கப்படட்டும், விடைகள் பெயரின்றித் தொகுக்கப்பட்டு ஆண்டுதோறும் வெளியிடப்படட்டும், லொத்தர் வருவாயிலும் சூதாட்ட வரியிலும் ஒரு பங்கு சட்டத்தாலே சிகிச்சைக்கு ஒதுக்கப்படட்டும். வடக்கு, கிழக்கு மாகாணங்களின் சுகாதாரத் திணைக்களங்கள் கொழும்பின் சுற்றறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டியதுமில்லை. ஒரு தாளில் மூன்று வரி சேர்ப்பதற்கு எந்த அமைச்சரவைப் பத்திரமும் வேண்டாம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையினதும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையினதும் உளநலப் பிரிவுகள் இத்துறையில் ஏனைய வைத்தியசாலைகளுக்கு வழிகாட்டும் தகுதியுடையவை.

எமது வாசகருள் நொத்தாரிசுமாரும் சட்டத்தரணிகளும் உளர். வைத்தியரிடம் வருமுன் இந்த நோயாளர் உங்களிடமே வருகின்றார். மலிந்த விலைக்கு அவசரமாகக் காணி எழுத வருபவர், மனைவிக்குத் தெரியாமல் ஈடு எழுதக் கேட்பவர், இரண்டு மாதத்துள் இரண்டாம் முறை வருபவர் ஆகியோரை நீங்கள் கண்டிருப்பீர்கள். கையொப்பம் வாங்குமுன் ஒரு வார்த்தை கேளுங்கள். கமக்காரர் சங்கத்துத் தலைவர்களும் கூட்டுறவுச் சங்க முகாமையாளரும், கடன் விண்ணப்பத்தை மறுப்பதோடு நின்றுவிடாது, உளநலப் பிரிவுக்குப் போகும் வழியையும் சொல்லி அனுப்புங்கள்.

பொருத்தமான தமிழில் அந்த மூன்று கேள்விகளை ஆக்குவதற்கு, மனநோய் வைத்தியரும் தாதியரும் தமிழாசிரியரும், குடியையும் ஆட்டத்தையும் விட்டு மீண்டவர் சிலரும் ஒருங்கு கூடுவார்களாயின், அவர்கள் ஆக்கித் தருவதை இப்பத்திரிகையில் வெளியிட்டு, தனித்தாளாக அச்சிட்டு வேண்டிய வைத்தியசாலைகளுக்கு இலவசமாக அனுப்ப யாம் ஆயத்தமாயிருக்கின்றோம்.